செட்டிநாட்டு வீட்டில் ஆம்பர் வாசனை: முகர்ந்து பழகுவதிலிருந்து பூசிக்கொள்வது வரை

கானாடுகாத்தானில் என் பாட்டி (நாங்கள் ஆயா என்போம்) வீட்டில் ஒரு தேக்குப் பெட்டி இருந்தது. முழங்கால் உயரம், பித்தளைப் பூண், மூடியைத் தூக்கினால் கீல் ஒரு முனகு முனகும். உள்ளே மடித்த கண்டாங்கிச் சேலைகள், அடியில் வெட்டிவேர்க் கட்டு, ஒரு மூலையில் துணியில் முடிந்த சாம்பிராணிக் கட்டி, எல்லாவற்றுக்கும் கீழே ஐயா கையெழுத்தில் இரண்டு பழைய பேரேடுகள். மூடியைத் திறந்த முதல் மூச்சில் இவை அத்தனையும் சேர்ந்து ஒரே வாசனையாக வரும். இனிப்பு, மரம், லேசாகத் தோல் வாடை, எல்லாம் சேர்ந்த ஒரு வெதுவெதுப்பு. பல வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு கடையில் "ஆம்பர்" என்று சொல்லி ஒரு காகிதப் பட்டையை நீட்டினார்கள். முகர்ந்ததும் எனக்கு அந்தப் பெட்டிதான் கண் முன் வந்தது.

ஆம்பர் குளிர்நாட்டுச் சரக்கு, நம் ஊருக்கு ஒத்துவராது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதன் கூட்டில் முக்கால்வாசி நம் வீட்டிலேயே கிடக்கிறது. நம் மூக்குக்கு அதைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டத்தான் யாருமில்லை. அதனால் இந்த வழிகாட்டியைக் கடையிலிருந்து ஆரம்பிக்காமல் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். குப்பி பிறகு வரட்டும்.

முதல் படி: எந்த ஆம்பர் என்று தெளிவாகுங்கள்

ஒரே பெயரில் மூன்று பொருள் உலவுகிறது. நகையில் பதிக்கிற மஞ்சள் ஆம்பர், கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்து இறுகிய மரப்பிசின். கையில் வைத்து முகர்ந்தால் அதில் சொல்லிக்கொள்ளும்படி வாசனை இருக்காது. இரண்டாவது, எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாகிற அம்பர். தூத்துக்குடிப் பக்கமும் ராமநாதபுரம் பக்கமும் "திமிங்கல எச்சம் பறிமுதல்" என்று அடிக்கடி செய்தி வருமே, அதுதான். அரபியில் இதைத்தான் அன்பர் என்றார்கள். அந்தச் சொல்தான் பிறகு மஞ்சள் கல்லுக்கும் ஒட்டிக்கொண்டது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் இங்கே குற்றம்.

மூன்றாவதுதான் நம் விஷயம். லாப்டனம் என்ற பிசின், சாம்பிராணி, வனிலா மூன்றையும் கலந்தால் வருகிற கூட்டு வாசனை. இதற்கு மஞ்சள் கல்லும் வேண்டாம், திமிங்கலமும் வேண்டாம். 1874-ல் டீமான், ஹார்மான் என்ற இரண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் பைன் மரச் சாற்றிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு வனிலின் தயாரித்தார்கள். வனிலின் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கூட்டு வாசனைத் தொழிலில் நிலைபெற்றது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வாசனைத் திரவியங்களை வகைபிரித்துப் பட்டியல் போடும் மைக்கேல் எட்வர்ட்ஸ், அதுவரை "ஓரியண்டல்" என்று இருந்த குடும்பத்தின் பெயரை 2021-ல் "ஆம்பர்" என்று மாற்றினார். நல்ல மாற்றம்தான். ஆனால் அதன் பிறகு கடையில் "ஆம்பர் வகை" என்று சொன்னால் இனிப்பான, மசாலா வாடையுள்ள எதுவும் அதற்குள் அடங்கும். லாப்டனமும் சாம்பிராணியும் சேர்ந்த ஆம்பர்தான் வேண்டுமென்றால் அப்படியே விளக்கிக் கேளுங்கள்.

இரண்டாம் படி: வீட்டிலேயே மூக்கைப் பழக்குங்கள்

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும்.

சாம்பிராணியில் தொடங்கலாம். கப் சாம்பிராணி, கம்ப்யூட்டர் சாம்பிராணி எதுவும் வேண்டாம். அவற்றில் கரித்தூளும் வேறு வாசனையும் கலந்திருக்கும். நாட்டு மருந்துக் கடையில் பால் சாம்பிராணி என்று கேட்டால், சாம்பல் பழுப்புக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைத்த கட்டி தருவார்கள். நாம் சாம்பிராணியை எப்போதும் தணலில் போட்டு, புகையாகத்தான் அறிந்திருக்கிறோம். புகை என்பது கருகிய சாம்பிராணி. கருகாத சாம்பிராணிக்கு வேறு முகம் உண்டு. தோசைக்கல்லில் அலுமினியத் தாளை விரித்து, அடுப்பை மிகவும் சிறியதாக வைத்து, புளியங்கொட்டை அளவு துண்டு ஒன்றை அதன்மேல் வையுங்கள். ஓரம் வியர்த்து, பளபளத்து, தேன் மாதிரி இளகும். அந்த நேரத்தில் குனிந்து முகருங்கள். வனிலாவும் பாதாமும் கொஞ்சம் பட்டையும் கலந்தது மாதிரி வரும். புகை எழும்புவதற்குள் அடுப்பை அணைத்துவிடுங்கள். இந்த இரண்டு நிமிஷம்தான் மொத்த வழிகாட்டியிலும் முக்கியமான பாடம். சாம்பிராணி மரம் சுமத்ராவிலும் லாவோஸ், தாய்லாந்துப் பக்கமும் வளர்வது. தாய்லாந்துச் சரக்கில் வனிலா தூக்கலாக இருக்கும், சுமத்ராச் சரக்கில் பட்டை வாடை தூக்கலாக இருக்கும்.

அடுத்தது பழைய கணக்குப் புத்தகம். எந்த வீட்டுப் பரணிலும் ஒன்றாவது இருக்கும். தூசியைத் தட்டிவிட்டு நடுப்பக்கத்தைப் பிரித்து, தையல் ஓரத்தில் மூக்கை வையுங்கள். லேசான இனிப்பு ஒன்று வரும். மரத்திலும் அதில் செய்த காகிதத்திலும் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. அது வருஷக்கணக்கில் சிதையும்போது வனிலின் உட்படப் பல வாசனைகள் வெளிப்படுகின்றன. மர வாசனையும் வனிலாவும் ஒரே குப்பிக்குள் சண்டையில்லாமல் இருப்பது ஏன் என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்த அன்றுதான்.

மரத்துக்கு மூன்று பாடம். சந்தனக் கல்லில் கட்டையை அரைத்து எடுத்த விழுது: பால் மாதிரி வழுவழுப்பு, எங்கும் குத்தாது. தேவதாருக் கட்டை, இதுவும் மருந்துக் கடைச் சரக்கு: உலர்ந்தது, கூர்மையானது. பிறகு தேக்கு. வருஷக்கணக்கில் கை பட்டு எண்ணெய் ஏறிய நிலைக்கதவில் வாசனை அடங்கிப்போயிருக்கும். தச்சர் இழைக்கிற இடத்துக்குப் போய்ப் புதுச் சீவலை அள்ளி முகருங்கள். தோல் பையைத் திறந்த மாதிரி இருக்கும்.

கல்பாசியை நாம் கறிக்கு மட்டும்தான் நினைக்கிறோம். ஐரோப்பிய வாசனைத் தொழிலில் ஓக் மரத்தில் படரும் ஒரு பாசியை நூறு வருஷத்துக்கு மேல் பயன்படுத்துகிறார்கள். அதுவும் நம் கல்பாசியும் லைக்கன் இனம்தான், பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழ்வது. உத்தரப் பிரதேசத்து அத்தர் ஊரான கன்னோசியில் ஷமாமா என்ற அத்தர் காய்ச்சுகிறவர்கள் நேராக நம் கல்பாசியையே போடுகிறார்கள். சூடான எண்ணெயில் கல்பாசி விழுந்ததும் மசாலா வாடைக்கு அடியில் ஈர மண்ணும் மரப்பட்டையுமாக ஒன்று எழும்புமே, ஆம்பர் சென்டில் "ஆழம்" என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

வெட்டிவேரைச் சொல்லவே வேண்டாம், உலகம் முழுக்க அதே தமிழ்ப் பெயரில்தான் போகிறது. பச்சோலி என்ற வாசனை இலையின் பெயரும் தமிழிலிருந்து போனதாகத்தான் ஆங்கில அகராதிகள் சொல்கின்றன.

இங்கே கிடைக்காதது லாப்டனம் ஒன்றுதான். மத்தியதரைக்கடல் ஓரத்துப் புதர்ச்செடி, இலையெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். மேய வந்த ஆட்டுக்கிடாவின் தாடியில் ஒட்டிய பிசினை எடுத்ததாகப் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். இதன் வாசனையை எப்படிச் சொல்வது? கறுத்துப்போன பழைய புளி, காய்ந்த திராட்சை, புதுத் தோல் செருப்பு, மூன்றையும் ஒரே பித்தளைத் தூக்கில் போட்டு மூடிவைத்துத் திறந்தால் கிட்டத்தட்ட வரும்.

மூன்றாம் படி: சாம்பிள் வாங்குங்கள்

முழுக்குப்பி வாங்க அவசரம் வேண்டாம். 2 மில்லி சாம்பிள் ஒன்றில் இருபது தடவைக்குக் குறையாமல் அடிக்கலாம். ஒரு வாசனையை மூன்று வெவ்வேறு நாளில் பார்க்க அது தாராளம்.

ஓர் எச்சரிக்கை. வெளியூரில் ஓர் அத்தர் கடையில் "இது அசல் கடல் அம்பர்" என்று சொல்லி, பழுப்பு நிறக் கட்டி ஒன்றைச் சின்ன மரச்சிமிழில் வைத்து எனக்கு விற்றார்கள். வீட்டுக்கு வந்து விரலால் தேய்த்தபோது மெழுகு மாதிரி வழுக்கியது. மெழுகில் பிசின்களையும் செயற்கை வாசனையையும் கலந்து கட்டியாக்கியது. வாசனை மோசமில்லை, சேலைப் பெட்டிக்குள் இன்றைக்கும் அது கிடக்கிறது. ஆனால் சொன்ன பொருளும் கொடுத்த விலையும் பொய். கடையில் கட்டியாக விற்கிற அம்பர் எல்லாம் இந்த ரகம்தான் என்று வைத்துக்கொண்டு, அதற்குரிய விலையைக் கொடுங்கள். உண்மையிலேயே திமிங்கலத்துடையது என்றால் வாங்கவே கூடாது.

நான்காம் படி: முகரும் முறை

காகிதப் பட்டையில் அடித்து ஒதுக்கிவையுங்கள். முதல் பத்து நிமிஷம் வருவது ஆல்கஹாலும் எலுமிச்சை மாதிரிப் பறக்கிற மேல்வாசனையும்தான். ஆம்பரை அதை வைத்து எடைபோட முடியாது. கடையில் தவறான குப்பியை வாங்கிவருகிறவர்கள் எல்லாரும் இந்தப் பத்து நிமிஷத்தில் முடிவெடுத்தவர்கள். ஆம்பர் கனமான சரக்கு, மெதுவாகத்தான் எழும். ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை, நான்கு மணி நேரத்தில் ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை முகருங்கள். மறுநாள் காலை பட்டையில் மிஞ்சியிருப்பது பிடித்திருந்தால் மட்டும் தோலுக்குப் போங்கள்.

தோலில் வைக்கும் முன் முழங்கை உட்பக்கம் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். பிசின்களும் பாசியும் சிலருக்கு அரிப்புத் தரும்.

ஒரே வேளையில் மூன்றுக்கு மேல் முகர வேண்டாம். மூக்கு களைத்தால் காபிக்கொட்டை தேவையில்லை, வாசனை படாத உங்கள் முழங்கையையே முகர்ந்தால் போதும். அப்புறம், கட்டாயம் ஒரு நோட்டில் எழுதுங்கள். "டாப் நோட், பேஸ் நோட்" என்றெல்லாம் வேண்டாம். என் நோட்டில் "மூன்றாம் மணி: விளக்குப் பூசை முடிந்து மறுநாள் காலைத் தூபக்கால்" என்று ஓர் இடத்தில் இருக்கிறது. பத்து வருஷம் கழித்துப் படித்தாலும் அந்த வாசனை திரும்ப வருகிறது.

ஐந்தாம் படி: நான் முகர்ந்தவை

எங்கே தொடங்குவது என்று கேட்டால் சேர்ஜ் லூட்டானின் ஆம்ப்ர் சுல்தான் என்பேன், 1993-ல் வந்தது. முதலில் இது ஆம்பரே இல்லை என்று தோன்றும். ஆரிகானோவும் பிரிஞ்சி இலையும் முகத்தில் அடிக்கும். எனக்கு நேராகக் கற்பூரவல்லி இலையைக் கசக்கின மாதிரி இருந்தது. சளிக்குக் கொதிக்கவைக்கிற கஷாய வாடை. கால் மணி நேரம் பொறுத்தால் அந்தப் பச்சை வாடை பின்வாங்கி, உள்ளிருந்து லாப்டனம் கருப்பட்டிப் பாகு மாதிரி வழிந்து வரும். ஒரு மார்கழி மாலை இதை மணிக்கட்டில் போட்டுக்கொண்டு ஆயாவிடம் போய் உட்கார்ந்தேன். அவருக்கு அப்போது பார்வை மங்கிவிட்டது. கையைப் பிடித்தவர் அப்படியே மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏ ஆத்தா, பெட்டியத் தொறந்தியா?"

"இல்ல ஆயா, சென்ட்டு."

"சென்ட்டா? பெட்டி வாசமுல்ல வருது" என்று சொல்லிவிட்டு, என் கையை விடாமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். வேறு எந்த வாசனைக்கும் அவர் இப்படிச் சொன்னதில்லை.

கெர்லானின் ஷாலிமார் இந்தக் குடும்பத்தின் மூத்த ஆச்சி. ஜாக் கெர்லான் செய்தது, 1925-லிருந்து இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. மொகலாயர் தோட்டத்தின் பெயர். முதலில் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் பளிச்சென்ற வாசனை, பிறகு புகை படிந்த வனிலா. மரத்தைவிட வனிலாவும் பொடியும்தான் தூக்கல். எனக்கு இது பட்டகசாலைத் தூணருகே நன்றாக உடுத்தி உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரை நினைவூட்டும்; மரியாதை உண்டு, தினமும் கூடவே வைத்துக்கொள்ள முடியவில்லை.

மரம் தூக்கலாக வேண்டுமென்றால் அதே கம்பெனியின் சம்சாரா, 1989. மல்லிகையும் சந்தனமும். மைசூரில் அரசாங்கச் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை தொடங்கியது 1916-ல். அந்த மைசூர் சந்தனத்தை நம்பிச் செய்த வாசனை இது. கல்யாண வீட்டு முகப்பில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வைத்திருக்கிற மேசைக்குப் பக்கத்தில், தலை நிறையப் பூ வைத்த ஒருவர் கடந்துபோனால் எப்படியிருக்கும், அதேதான். இன்று கிடைப்பதில் சந்தனம் முன்புபோல் இல்லை என்பது என் எண்ணம். ஆனாலும் நம் ஊர்க்காரர்களுக்கு முதல் முகர்வில் பிடிக்கும்.

எர்மெஸின் ஓ தே மெர்வேய், 2004, வேறு வழியில் போகிறது. பூவே கிடையாது. ஆரஞ்சுத் தோல், உப்பு, உலர்ந்த மரம். திமிங்கல அம்பரின் கடல் சாயலைத் திமிங்கலம் இல்லாமல் காட்டுகிற முயற்சி. தொண்டிக் கரையில் வெயிலில் காய்ந்த படகுப் பலகையை முகர்ந்திருக்கிறீர்களா? அதன் மேல் யாரோ ஆரஞ்சு உரித்த மாதிரி. பகலில் போடக்கூடிய ஒரே ஆம்பர் என்று நான் வைத்திருப்பது இதுதான்.

பக்காரா ரூஜ் 540, 2015, ஊரெல்லாம் பேசுகிற வாசனை. குங்குமப்பூ, சூடான சர்க்கரை, தேவதாரு, ஆம்ப்ராக்சன். இந்த ஆம்ப்ராக்சன் கிளாரி சேஜ் என்ற செடியின் சரக்கிலிருந்து செய்கிற, அம்பரை ஒத்த மூலக்கூறு. சிலருக்கு இந்த மாதிரி மூலக்கூறுகள் மூக்கில் ஏறவே ஏறாது. போட்டுக்கொண்டவருக்கே தெரியாமல் இரண்டு மூன்று தடவை அடிப்பார், பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு முட்டும். ஏசி அறையில் வேலை செய்கிறவர்கள் இதில் கவனமாக இருக்கவேண்டும். எனக்குப் பஞ்சு மிட்டாய்க் கடை நினைவுதான் வருகிறது, மரம் போதவில்லை.

கடைசியாக ஷமாமா அத்தர். சந்தனத்தின் மேல் பல மசாலாவும் வேரும் பாசியும் காய்ச்சி இறக்கியது. நம் கறிமசாலாவை அரைப்பதற்கு முன் முறத்தில் பரப்பிவைத்த வாசனையும் பூசை அறையும் சேர்ந்த மாதிரி. குச்சி நுனியில் எடுத்து ஒரு பொட்டு வைத்தால் மறுநாள் குளிக்கும்வரை நிற்கும். ஆல்கஹால் இல்லாததால் அடக்கமாக, தோலை ஒட்டியே இருக்கும். குப்பியைவிட அத்தரில் தொடங்குவது செலவுக்கும் நல்லது.

ஆறாம் படி: வெயிலைப் பார்த்துப் போடுங்கள்

சித்திரை வைகாசியில் நம் பக்கம் 40 டிகிரியை ஒட்டிப் போகிறது. சூடு ஏற ஏற வாசனை தோலிலிருந்து வேகமாக எழும்பும். குளிர்நாட்டில் எட்டு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரவேண்டியது இங்கே ஒன்றரை மணி நேரத்தில் மொத்தமாக வந்து தலையைப் பிடிக்கும். அதனால் கோடையில் பகலில் வேண்டாம். சாயங்காலம் குளித்து, வளவு முற்றத்தில் தண்ணீர் தெளித்துக் காற்று மாறிய பிறகு போடுங்கள். ஒரே ஒரு தடவை. கழுத்தில் வேண்டாம், முழங்கால் பின்பக்கமோ இடுப்புக்கு மேலோ அடித்தால் மெதுவாக மேலே வரும். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மாசி வரை ஆம்பருக்கு நல்ல காலம். ஈரக் காற்றில் பிசின் வாசனை அழகாகத் தங்கும்.

பருத்தியில் அடித்தால் தோலைவிட நெடுநேரம் நிற்கும். ஆனால் கறை பிடிக்கும். ஒரு வெள்ளை ரவிக்கையின் தோளில் அத்தர் வைத்து, எத்தனை துவைத்தும் போகாத பழுப்பு வட்டத்தோடு அதை அலமாரியில் வைத்திருக்கிறேன். முந்தானையின் உள்மடிப்பில், அல்லது கறுப்பு, அரக்கு நிறக் கரையில் வையுங்கள். பட்டில் வேண்டவே வேண்டாம்.

தலையில் மல்லிகை இருந்தால் ஆம்பர் இன்னும் நன்றாக இருக்கும், சந்தனம் உள்ள ஆம்பர் என்றால் கூடுதல் பொருத்தம். தாழம்பூவோடு ஒத்துவராது, இரண்டும் முன்னே நிற்கப் பார்க்கும். விருந்துப் பந்திக்குப் பரிமாறப் போகிறீர்கள் என்றால் எதுவும் போடாதீர்கள். கவுனி அரிசி வெந்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் விழுந்து கிளம்புகிற வாசனைக்கு முன்னால் நம் குப்பி நிற்கக் கூடாது.

ஏழாம் படி: எங்கே வைப்பது

வெளிச்சமும் சூடும்தான் எதிரி. முற்றத்தைப் பார்த்த ஜன்னல் திட்டில் அழகுக்காக வைத்த குப்பி ஒன்று எனக்கு ஒரே கோடையில் கெட்டது. நிறம் தேயிலை மாதிரி கறுத்து, மேல்வாசனை புளித்துப்போனது. அடி வாசனை மட்டும் தப்பியது. பிசின் அவ்வளவு சீக்கிரம் கெடாது. வனிலா உள்ள சென்ட் காலப்போக்கில் கொஞ்சம் கறுப்பது சாதாரணம், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், மூக்கை நம்புங்கள். குளியலறை அலமாரி ஆகாது. சுண்ணாம்புச் சுவர் தடிமனாக உள்ள உள்ளறையில், அட்டைப்பெட்டியோடு, மரப்பெட்டிக்குள் நிற்கவைத்து வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும்.

குப்பி தீர்ந்த பிறகும் தூக்கிப் போடாதீர்கள். மூடியைக் கழற்ற முடிகிற குப்பியாக இருந்தால் ஒரு பஞ்சை உள்ளே விட்டு அடியைத் துடைத்து, அந்தப் பஞ்சை வெட்டிவேர்க் கட்டோடு வெள்ளைத் துணியில் முடிந்து சேலைகளுக்கு நடுவில் வையுங்கள். துணி சேலையில் நேராகப் படாதபடி ஒரு காகிதம் இடையில் இருக்கட்டும். ஆயாவின் பெட்டி இப்போது காரைக்குடியில் என் அறையில் இருக்கிறது, அதற்குள் இப்படி மூன்று முடிச்சுகள் இருக்கின்றன.